தோடிக்கு ராஜா, மத்திமத்தோடு மல்லுக்கட்டு: யார் இந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளை?

சோப்ரானோ சாக்ஸபோனை முதல் முறை பார்க்கிற நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது நாகஸ்வரம்தான். மற்ற சாக்ஸபோன்கள் வளைந்து தொங்கும். இது நேராக இருக்கும். மேலே சன்னமாகத் தொடங்கி, கீழே போகப் போக அகலமாகும். மரத்துக்குப் பதில் பித்தளை, விரல் துளைக்குப் பதில் சாவிகள். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம்.

கல்யாண மேளத்தில் சாக்ஸபோன் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள், வேலைக்குப் போய்க் கையில் நாலு காசு சேர்ந்ததும் ஆன்லைனில் ஒரு சோப்ரானோ வாங்குகிறார்கள். சின்னதாக இருக்கிறது, நேராக இருக்கிறது, அதனால் சுலபமாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. சாக்ஸபோன் வகைகளில் சுருதி சேர்ப்பதற்கு மிகக் கடினமானவற்றில் சோப்ரானோ முக்கியமானது. பல ஆசிரியர்கள் புதிதாக வருபவர்களை ஆல்ட்டோவில்தான் உட்கார வைக்கிறார்கள்.

ஏன் அப்படி? அதைப் புரிந்துகொள்ள சாக்ஸபோனைத் தொடாத ஒருவரின் வாழ்க்கை உதவும். மரத்தில் கடைந்த நேர்க்குழாயோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் அந்தக் குழாயையே மாற்றச் செய்தவர் அவர். பெயர், திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

நேர்க்குழாயில் என்ன சிக்கல்?

முதலில் கருவியைப் பார்த்துவிடலாம். மூங்கில்துறைப்பட்டு வாசகர்களுக்கு இதை விளக்க தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. தென்பெண்ணைக் கரையும் கரும்புக் காடும் சர்க்கரை ஆலையும் கல்வராயன் மலையின் நிழலும் உள்ள இந்த வட்டாரம், தெருக்கூத்து நடக்கும் வடதமிழகத்தைச் சேர்ந்தது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்கள் முகவீணையைக் கேட்டிருப்பார்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான குட்டிக் குழல். மிருதங்கத்தையும் தாளத்தையும் தாண்டிக் கணீரென்று வெளியே வரும். முகவீணை, நாகஸ்வரம், சோப்ரானோ சாக்ஸபோன் மூன்றுக்கும் உள்ளே இருக்கும் அமைப்பு ஒன்று: கூம்பு வடிவத் துவாரம்.

கூம்பாக இருப்பதால் ஒரு லாபம் உண்டு. அதே விரல்களை வைத்துக்கொண்டு ஊதலை இறுக்கினால், அதே ஸ்வரம் அடுத்த ஸ்தாயியில் கேட்கும். கிளாரினெட் உள்ளே உருளை வடிவம். அதில் இந்த வசதி கிடையாது. இறுக்கி ஊதினால் ஒரு ஸ்தாயியைத் தாண்டி இன்னும் மேலே போய் நிற்கும். ஏழு விரல் துளைகளை மட்டும் வைத்துக்கொண்டு நாகஸ்வரக்காரர் இரண்டு ஸ்தாயிக்கு மேல் உலவுவது இந்தக் கூம்பின் தயவில்தான்.

நஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. குழாய் குட்டையாக, வாய் வைக்கும் இடம் சின்னதாக ஆக ஆக, உதட்டின் சின்ன அசைவுகூட சுருதியைத் தூக்கிவிடும், இல்லையென்றால் இறக்கிவிடும். டெனர் சாக்ஸபோனில் உதட்டைக் கொஞ்சம் கூடுதலாகக் கடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சோப்ரானோவில் அதே அளவு கடித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். மேல் ஸ்தாயியில் பயந்து இறுக்குவதும், சுருதி ஏறிப்போவதும், அது காதில் விழுந்து இன்னும் இறுக்குவதும் ஆரம்பப் பாடம் படிக்கும் எல்லோருக்கும் நடக்கிற கதை.

ஆக, சாவியை அமுக்கினால் ஸ்வரம் வந்துவிடும் என்பது பாதி உண்மை. சாவி காட்டுவது ஸ்வரம் இருக்கும் தெருவை. வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியது காதும் உதடும். நாகஸ்வரத்தில் தெருவைக் காட்டச் சாவியும் இல்லை.

முதல் பாடம் வாய்ப்பாட்டு

ராஜரத்தினம் பிறந்தது 1898 ஆகஸ்ட் 27. தந்தை குப்புசாமி பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். பிறந்தபோது வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாகஸ்வர வித்வான்; அவரே பையனைச் சுவீகாரமாக எடுத்துக்கொண்டார். இனிஷியலில் இருக்கும் 'என்' அந்த நடேசன்தான். நடேச பிள்ளை ரொம்ப நாள் இருக்கவில்லை. பையன் சிறு வயதிலேயே அந்த ஆதரவை இழந்தான்.

காவிரிக் கரை இசை வேளாளர் குடும்பத்துப் பையன் என்றால் கையில் உடனே நாகஸ்வரத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்போம். இங்கே நடந்தது வேறு. முதலில் வாய்ப்பாட்டு. கற்றுக்கொடுத்தவர் அந்தக் காலத்தின் பெரிய வயலின் வித்வான் திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயர். அதன் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்த ஒரு வயலின்காரர், பிறகு ஒரு குழல்காரர் என்று இரண்டு பேருடைய காதும் பையனுக்குள் போகிறது. வயலினில் ஸ்வரத்துக்குக் கட்டம் போட்டு வைக்கவில்லை. விரல் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். தொண்டையிலும் அப்படித்தான். ஆக, குழாயைக் கையில் எடுக்கும் முன்பே, சரியான ஸ்வரம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. குழாய் தப்பாகப் பேசினால் அது தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு அளவுகோல் உள்ளே இருந்தது.

சோப்ரானோ கற்பவர்களிடம் நல்ல ஆசிரியர்கள் இன்றைக்கும் சொல்வது இதைத்தான்: ஊதுவதற்கு முன் அந்த ஸ்வரத்தைப் பாடு. தம்புரா செயலியைப் போட்டுவிட்டு, நீளமாக ஒரே ஸ்வரம் ஊது. சலிப்பான பயிற்சிதான். யூடியூபில் பார்த்த பாட்டை முதல் வாரமே வாசித்துவிடத் துடிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து எல்லா விரலும் ஓடுகிறது, ஒரு ஸ்வரமும் சேரவில்லை.

மத்திமம் செய்த தொல்லை

அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்தது திமிரி நாகஸ்வரம். குட்டையான குழல், உயர்ந்த சுருதி. ஏறக்குறைய 4 கட்டையிலிருந்து 5 கட்டை வரை. கோயில் வீதியில் சுவாமி புறப்பாடு நடக்கும்போது நாலு தெரு தள்ளிக் கேட்க வேண்டும். மைக் இல்லாத காலம். திமிரி அதற்காகவே பிறந்தது.

அதில் ஒரு குறை இருந்தது. சுத்த மத்திமம் சரியாகப் பேசாது. துளை கொடுக்கும் ஸ்வரம் ஒரு இடத்தில் நிற்கும், ராகம் கேட்கும் ஸ்வரம் இன்னொரு இடத்தில் நிற்கும். வாசிப்பவர் விரலைப் பாதி மூடியோ, சீவாளியில் உதட்டைத் தளர்த்தியோ, காற்றைக் குறைத்தோ அதை இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும்.

சங்கீதம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ச, ரி, க, ம, ப, த, நி ஏழில் மத்திமம் இரண்டு வகை. தாழ்ந்தது சுத்த மத்திமம், உயர்ந்தது பிரதி மத்திமம். கல்யாணி ராகத்துக்கு பிரதி மத்திமம். தோடிக்கு சுத்த மத்திமம். தோடியில் காந்தாரம் சும்மா நிற்காது, ஆடும். ஆடும்போது மத்திமத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். மத்திமம் ஒரு நூல் பிசகினால் காந்தாரமும் சேர்ந்து கெடும். ராகமே சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். ராஜரத்தினம் பிள்ளை என்றதும் தமிழ்நாடு சொன்ன ராகம் தோடி. அவர் வேறு ராகங்களையும் வாசித்தார்தான். ஆனால் ஊர் ஊராக ஜனங்கள் காத்துக் கிடந்தது அந்தத் தோடி ஆலாபனைக்காக. கருவி எந்த ஸ்வரத்தில் நொண்டுமோ, அதே ஸ்வரத்தை உயிராகக் கொண்ட ராகத்தை அவர் தன் பெயராக்கிக் கொண்டார்.

சீவாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாணல் தட்டையைப் பதப்படுத்தி, தட்டி, மடித்துக் கட்டிச் செய்வது. இரண்டு இதழ்கள் ஒன்றோடு ஒன்று அதிரும். சாக்ஸபோனில் ஒரே பட்டை, அது ஊதுவாயின் மேல் அதிரும். மழைநாளில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி, புதிதாக இருக்கும்போது ஒரு மாதிரி என்று குணம் மாறுவதில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை. நாகஸ்வரத்தில் சரம் சரமாகச் சீவாளியும், குத்தித் திருத்த ஊசியும் தொங்குவதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அவசர சிகிச்சைப் பெட்டி.

குழாயை மாற்றியது

திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்வதற்கென்றே பேர் பெற்ற ஊர். ஆச்சா மரத்தில் கடைவார்கள். பச்சை மரம் ஆகாது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் கிடந்து பல வருஷம் காய்ந்த மரமாகத் தேடி வாங்குவார்கள். ஈரம் முழுக்கப் போன மரம்தான் வெடிக்காது, சுருதியும் நகராது. அங்கே இருந்தவர் ரங்கநாதன் ஆசாரி.

ராஜரத்தினம் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு. சுருதி இறங்க வேண்டும். மத்திமம் நேராகப் பேச வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. செய்வது அப்படி இல்லை. சுருதி இறங்க வேண்டுமென்றால் குழாய் நீள வேண்டும். நீண்டால் துளைகள் தள்ளிப் போகும். மனிதக் கை எட்டுகிற தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. உள்துவாரத்தின் சரிவு கொஞ்சம் மாறினால் மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு துளையைச் சரி செய்தால் அடுத்தது கோணும். கடைந்த மரத்தில் ஒரு முறை கூடுதலாகத் தோண்டிவிட்டால் திருப்பி அடைக்க முடியாது, அடுத்த கட்டையைத்தான் எடுக்க வேண்டும்.

பல முயற்சிக்குப் பிறகு ரங்கநாதன் ஆசாரியின் பட்டறையிலிருந்து வந்தது பாரி நாகஸ்வரம். நீளம் கூடியது, சுருதி ஏறக்குறைய 2, 2½ கட்டைக்கு இறங்கியது, சுத்த மத்திமம் தானாக வந்து நின்றது. விரல் துளைகள் அதே ஏழு. கீழே உள்ள ஐந்து துளைகளில் விரல் வைப்பதில்லை. அவை சுருதியைச் சரி செய்வதற்கு. இன்றைக்கு நாம் கச்சேரியில் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாரி வகையைத்தான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுருதியை எதற்கு இறக்க வேண்டும்? நான் புரிந்துகொண்ட வரையில் காரணம் பாட்டு. ஆண் பாடகர்கள் பாடும் சுருதிக்குப் பக்கத்தில் நாகஸ்வரம் வந்தால், அது வீதியில் கூவும் கருவியாக இருந்தது போய் உட்கார்ந்து பாடும் கருவியாக ஆகும். நிதானமாக, மணிக்கணக்கில் ஒரு ராகத்தை விரித்துக்கொண்டே போகலாம். மைக் வந்துவிட்ட காலம் வேறு. சத்தத்துக்காகக் கத்த வேண்டியதில்லை. அவருக்குள் முதலில் நுழைந்தது வாய்ப்பாட்டு என்பதை இங்கே சேர்த்துப் பார்த்தால் கதை பொருந்துகிறது.

இலவசமாக எதுவும் வரவில்லை. பாரி நாகஸ்வரத்துக்கு மூச்சு நிறைய வேண்டும். திமிரியில் துள்ளி ஓடும் வேகப் பிடிகள் நீண்ட குழாயில் அவ்வளவு லேசில் வராது. அதிலும் அவர் துரித காலத்தில் பொழிந்தார் என்பதுதான் சக வித்வான்களுக்கு வியப்பு. அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்துத் தவில் வாசித்தவர்களில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதன்மையானவர்.

சட்டையும் மேடையும்

குழாயோடு மட்டும் சண்டை என்றால் இந்த வாழ்க்கை இவ்வளவு பேசப்பட்டிருக்காது.

நாகஸ்வரக்காரர் கோயிலில் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டும். மேலே சட்டை கூடாது, துண்டை இடுப்பில் கட்ட வேண்டும். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரிக்காரருக்கு மேடையும் ஜமக்காளமும் உண்டு. மேளக்காரருக்குத் திண்ணையோ தரையோதான். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் சாதி அடுக்கில் அவருடைய இடம் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சங்கீதம் ஒன்றுதான், மரியாதை வேறு வேறு.

ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டார். ஷெர்வானி போட்டார், கோட்டு போட்டார், கார் வைத்துக்கொண்டார். மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பு என்று நின்றார். பக்கத்தில் ஒத்து ஊதுகிறவருக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். இதை வெறும் ஆடம்பரம் என்று அன்றைக்குச் சிலர் சொன்னார்கள்; இன்றைக்கும் சிலர் சொல்வதுண்டு. கொஞ்சம் ஆடம்பரமும் இருந்தது, மறுக்க வேண்டாம். ஆனால் தம்புராவும் மேடையும் ஷெர்வானியும் தனித்தனி விஷயங்கள் அல்ல. பாடகருக்கு உள்ளதெல்லாம் குழல்காரனுக்கும் உண்டு என்பதுதான் அதன் பொருள். சுருதி இறங்கிய குழாயும் அதே வாதத்தின் ஒரு பகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது. வீதிக்கு மட்டும் பொருந்துகிற கருவியை வைத்துக்கொண்டு சபையில் இடம் கேட்க முடியாது.

கேட்ட இடம் கிடைத்தது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆஸ்தான வித்வான் ஆனார். பாடகர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், ஜி.என்.பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் இருந்த நாகஸ்வரப் பிடிகளைப் பற்றி ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். பாடகரைப் பார்த்துப் பழகிய குழல், பாடகருக்கே பாடமானது.

1940-இல் சினிமாவும் அழைத்தது. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக நடித்தார். படம் ஓடவில்லை. அவரும் அதன் பிறகு கதாநாயகனாகத் தொடரவில்லை, நல்லதாகப் போயிற்று.

1947 ஆகஸ்ட் 14 இரவு, டெல்லி. திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து சென்ற குழு நேருவின் வீட்டுக்குப் போனபோது கூட வாசித்துச் சென்ற நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையுடையது. அந்தச் செங்கோல் பற்றிய அரசியல் வாதம் தனி, அதற்குள் போக வேண்டாம். ஒரு நாடு பிறக்கும் இரவில், சில வருஷங்களுக்கு முன்பு வரை மேடை ஏற முடியாமலிருந்த ஒரு கருவி தலைநகர வீதியில் ஒலித்தது என்பது போதும்.

அதே காலத்தில் இன்னொரு நேர்க்குழாய்

சோப்ரானோ சாக்ஸபோனின் சொந்தக் கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரீசில் காப்புரிமை வாங்கினார். ராணுவ பேண்டுகளில் புழங்கிய கருவி. சோப்ரானோவைத் தனி ஆளாக நிமிர்த்தியவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர் சிட்னி பெஷே. பிறந்தது 1897, ராஜரத்தினம் பிள்ளைக்கு ஒரு வயது மூத்தவர். கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவர், 1920 வாக்கில் லண்டனில் ஒரு நேர் சோப்ரானோவை வாங்கினார். தாளில் எழுதிய இசையைப் படித்து வாசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை, எல்லாம் காது.

அவர் வாசிப்பில் ஸ்வரம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்காது, அகலமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் ஸ்வரத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகிற வேலையும் நடக்கிறது. கமகம் கேட்டுப் பழகிய நமக்கு அது ஒன்றும் அந்நியமாக இருக்காது. தன் நாட்டின் நிறவெறிக்கு நடுவே கிடைக்காத மரியாதை அவருக்கு பிரான்சில் கிடைத்தது. கடைசி வருஷங்களை அங்கேயே கழித்து 1959-இல் இறந்தார். 1960-இல் ஜான் கோல்ட்ரேன் கையில் எடுக்கும் வரை, அவரைத் தவிர இந்தக் கருவியைத் தன் முதன்மைக் குரலாக வைத்துக்கொண்ட பெரிய பெயர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. கடினம் என்பதுதான் அதற்கு முக்கியக் காரணம்.

பெஷேயும் பிள்ளையும் சந்தித்ததில்லை. ஆனாலும் இரண்டு பேருடைய பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டு குழாயும் பேசவில்லை, பாடுகின்றன.

சாவிகளுக்கு நடுவே தோடி

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் முடியுமா என்ற கேள்விக்கு விடை சொன்னவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). மங்களூர்ப் பக்கத்துக்காரர், அப்பா நாகஸ்வர வித்வான். 1994-இல் 'டூயட்' படத்தின் மூலம் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் அந்தச் சத்தம் போய்ச் சேர்ந்தது. அவர் வாசித்தது ஆல்ட்டோ. சாவிகளையும் தன் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைத்துக்கொண்டார். தனக்கு வேண்டியபடி கருவியைத் திருத்துவது என்ற வழி அவருக்குத் திறந்தே இருந்தது. அதை முன்பே நடந்து காட்டியவர்கள் திருவாவடுதுறைக்காரரும் நரசிங்கம்பேட்டைக்காரரும்.

நாகஸ்வரத்தில் துளை திறந்தது. விரலை மெல்ல நகர்த்தினால் ஸ்வரமும் மெல்ல வழுக்கும். சாக்ஸபோனில் ஒவ்வொரு துளைக்கும் மூடி. மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும், நடுவில் இழுப்பது சிரமம். அப்படியானால் தோடியின் காந்தாரத்தை எப்படி ஆட்டுவது? உதடும் தொண்டையும் மூச்சும் சேர்ந்து செய்ய வேண்டும். சோப்ரானோவில் உதட்டுக்கு ஸ்வரம் சட்டென்று அசையும் என்பதைக் குறையாகச் சொன்னோம் அல்லவா? கமகத்துக்கு அதே குணம் உதவிக்கு வரும். ஆனால் முதலில் அசையாமல் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்தத் தெரியாதவர் அசைத்தால் அது கமகம் இல்லை, தள்ளாட்டம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான சோப்ரானோ பி-ஃப்ளாட் கருவி. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் வெளியே கேட்பது பி-ஃப்ளாட், அதாவது நம் கணக்கில் 6½ கட்டை. சுருதிப் பெட்டியை 1 கட்டையில் வைத்துவிட்டு, புத்தகத்து 'சி'யை ஷட்ஜமாக நினைத்து ஊதினால் எவ்வளவு பெரிய மேதைக்கும் சேராது. எந்த விரலமைப்பை ஷட்ஜமாக வைத்துக்கொள்வது என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். சுருதி சேரவில்லை என்று கருவியைப் பரணில் போட்டவர்களில் சிலர் உண்மையில் இந்த ஒரு கணக்கில் தடுக்கி விழுந்தவர்கள்.

கடைசி வருஷங்கள்

ராஜரத்தினம் பிள்ளை நிறையச் சம்பாதித்தார், வந்த வேகத்தில் செலவழித்தார். ஐந்து திருமணங்கள். குணமும் அவர் வாசிப்பைப் போலத்தான். எப்போது பொழியும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். வயது 58.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்தவர் காருகுறிச்சி அருணாசலம். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு வரும் அந்த நாகஸ்வரம் காருகுறிச்சியுடையது. குரு கேட்டு வாங்கிய தாழ்ந்த சுருதிக் குழாய், ஒரு பெண் குரலின் ஒவ்வொரு சங்கதிக்கும் பதில் சொல்லிக்கொண்டே போகிறது. நாகஸ்வரம் பாடும் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காருகுறிச்சியும் 1964-இல், சின்ன வயதிலேயே போய்விட்டார்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு இன்றைக்கும் இணையத்தில் கிடைக்கிறது. அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பிடிக்கும். மணிக்கணக்கில் வாசித்தவர் அந்த அளவுக்குள் ராகத்தை அடக்கியிருக்கிறார். கீறல் சத்தம் நிறைய இருக்கும், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். காந்தாரம் ஆடி ஆடி மேலே எழும்பி மத்திமத்தில் போய் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். உங்கள் சோப்ரானோவில் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும், தம்புராவோடு சேரும் வரை, நீளமாக ஊதிப் பாருங்கள்.